நான்காம் நாள்

“விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு” என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் அளிப்பது தருமம் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அருளியிருக்கிறார்கள். ஆகவே மூன்று நாள் வரை நமக்குள் வழக்கில்லை. வந்தவர் யாராயினும் பாய் விரித்து, கை கழுவத் தண்ணீர் கொடுத்து, வீட்டில் உள்ளதைப் பரிமாற வேண்டியதுதான். இதில் நம்மவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சினால், முன்பின் அறியாதவர் வந்து உட்கார்ந்தாலும் எந்த ஊர், என்ன பெயர் என்று கேட்காமல் கோப்பையை நீட்டுகிறோம். அல்ஹம்துலில்லாஹ்.

என் கேள்வி நான்காம் நாளைப் பற்றியது. வந்தவர் போகவில்லை. போக ஊரில்லை, அல்லது போனால் அங்கே பிழைப்பில்லை. இங்கேயே கூலிக்கு நிற்கிறார்; நம் கடைக்கே அரிசி வாங்க வருகிறார்; சில சமயம் நம் கடையிலேயே மூட்டை சுமக்கிறார். இப்போது அவர் நமக்கு யார்? விருந்தாளியா, வேலையாளா, அந்நியரா, அண்டை வீட்டாரா? அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது அன்பா, அல்லது நியாயமா?

இக்கேள்விக்கு யஹூதிகளின் பழைய வேதத்தில் விரிவான விடை இருக்கிறது. நான் ஆலிம் அல்லன். மதறஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததுமே என் கல்வி. தராசு பிடிப்பது என் தொழில். அவர்கள் கையில் இன்றுள்ள ஏடுகளில் நமக்கு உடன்பாடானவையும் உண்டு, உடன்பாடில்லாதவையும் உண்டு. ஆயினும் அவர்கள் போற்றும் இப்றாஹீம் (அலை) அவர்களும் மூஸா (அலை) அவர்களும் நமக்கும் நபிமார்களே. ஒரு வியாபாரியின் கண்ணில் பட்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

விரைந்தோடிய முதியவர்

முதலில் விருந்தைப் பற்றி. இப்றாஹீம் (அலை) அவர்கள் உச்சி வெயிலில் கூடாரத்து வாசலில் அமர்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் தூரத்தில் நிற்கிறார்கள். முதுமையடைந்த பெரியவர் எழுந்து ஓடுகிறார். கால் கழுவத் தண்ணீரும், மரத்து நிழலும், கொஞ்சம் அப்பமும் தருவதாகத்தான் சொல்கிறார். சொன்னது அவ்வளவே. செய்ததோ, வீட்டாரை விரைவாக மாவு பிசையச் சொல்லி, தாமே மந்தைக்கு ஓடி இளங்கன்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தயிரும் பாலும் சேர்த்து முன்னால் வைத்து, அவர்கள் உண்ணும்வரை பக்கத்தில் நின்றது. வந்தவர்கள் மலக்குகள் என்பதும் அவர்கள் உணவில் கை வைக்கவில்லை என்பதும் நம் குர்ஆன் கூறும் செய்தி. விருந்தாளி கூச்சப்படாமலிருக்க அவர் ஓசைப்படாமல் வீட்டுக்குள் சென்று கன்றைக் கொண்டுவந்தார் என்று நம் பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். குறைவாகச் சொல்லி நிறைவாகக் கொடுப்பது இப்றாஹீம் நபியின் வழி. நிறையச் சொல்லிக் குறைத்துக் கொடுப்பது எவருடைய வழி என்பதைக் கடைத்தெருவில் இருக்கும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஏட்டில் மற்றொரு செய்தியும் உண்டு. இப்படி ஊரையே உபசரித்த பெரியவர், தம் துணைவியார் காலமானபோது அடக்கம் செய்ய ஒரு முழ நிலமும் இல்லாதவராய் நின்றார். ஹெப்ரோன் ஊராரிடம், தாம் அவர்களிடையே தங்கியிருக்கும் வெளியூரார் என்று சொல்லி இடம் கேட்டார். இலவசமாகத் தருவதாக அவர்கள் சொன்னதை ஏற்காமல், கேட்ட விலை 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்கினார். விருந்து படைத்தவரே வெளியூரார்தாம். வெளியூராருக்கும் மானம் உண்டு; அவர் கேட்பது பிச்சையன்று, நியாயமான விலை.

விருந்தாளியை விரட்டிய ஊரின் கதையும் அடுத்தாற்போல் வருகிறது. லூத் (அலை) அவர்களின் ஊராரின் பாவங்கள் பல. ஆனால் எசேக்கியேலின் ஏடு அவ்வூரின் குற்றத்தைச் சொல்லும்போது, செருக்கும், வயிறு நிறைந்த வாழ்வும், கவலையற்ற சுகமும் இருந்தும் எளியவருக்குக் கை கொடுக்கவில்லை என்பதை எடுத்துச் சொல்கிறது. அழிந்தது பசித்த ஊரன்று. உண்டு நிறைந்த ஊர்.

தங்கிவிட்டவருக்குச் சட்டம்

இதுவரை சொன்னது முதல் மூன்று நாளின் செய்தி. இனி நான்காம் நாள்.

ஹீப்ரு மொழியில், வந்து தங்கிவிட்ட வெளியூராருக்கு ‘கேர்’ என்று ஒரு தனிச்சொல் உண்டு. மூஸா (அலை) அவர்கள் மிஸ்றை விட்டு ஓடி மத்யன் கிணற்றடிக்கு வந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. அங்கே குடும்பம் அமைந்து பிறந்த மகனுக்கு ‘கேர்ஷோம்’ என்று பெயரிட்டதாகவும், அந்நிய பூமியில் தாம் ‘கேர்’ ஆக இருந்ததன் நினைவே அப்பெயர் என்றும் அவர்கள் ஏடு சொல்கிறது. பிள்ளையைக் கூப்பிடும்போதெல்லாம் தம் பழைய நிலை நினைவுக்கு வரும்படி வைத்த பெயர்!

அந்த மூஸா நபியின் சட்டத்தில், தங்கிவிட்ட வெளியூராரை ஒடுக்காதீர்கள், உங்களில் ஒருவராக நேசியுங்கள் என்ற கட்டளை ஓரிடத்தில் அன்று, பல இடங்களில் வருகிறது. அதற்குச் சொல்லும் காரணம், நீங்களும் மிஸ்று நாட்டில் வெளியூராராக இருந்தீர்கள், அந்த மனம் எப்படியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதே. இரக்கம் என்று மட்டும் சொல்லவில்லை. நினைவு என்று சொல்கிறது. இரக்கம் இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். நினைவோ கணக்குப் புத்தகம் போன்றது, எழுதிவைத்தால் அழியாது.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததேன்? மனிதன் எல்லாவற்றையும் விட விரைவாக மறப்பது தன் பழைய ஏழ்மையைத்தான். நேற்று கப்பலில் வந்து இறங்கியவன் இன்று இறங்குகிறவனைப் பார்த்து, “இவன்கள் எங்கிருந்து வருகிறார்கள்?” என்று கேட்பான். இது எல்லா ஜனங்களிடமும் உள்ள நோய். மருந்து அடிக்கடி கொடுக்க வேண்டிய நோய்.

வயலின் ஓரம்

அச்சட்டம் வாய் அன்போடு நிற்கவில்லை. அறுவடையில் வயலின் ஓரத்தை அறுக்கக்கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக்கூடாது. மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. ஒலிவ மரத்தையும் திராட்சைக் கொடியையும் இரண்டாம் முறை உதிர்க்கக்கூடாது. அவை வெளியூராருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியவை. கவனியுங்கள்: நிலத்துக்காரர் எடுத்துக் கொடுப்பதன்று, எடுக்காமல் விடுவது. எடுத்துக் கொடுத்தால் வாங்குகிறவர் கை தாழ்ந்திருக்கும். விட்டுவைத்ததை அவரே வந்து பொறுக்கினால் அது அவர் உழைப்பு.

இச்சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ரூத் என்ற பெண்ணின் கதை சான்று. அவள் மோவாப் நாட்டு விதவை; மாமியாரைக் கைவிடாமல் பெத்லகேமுக்கு வந்தவள். மோவாபியர்மேல் இஸ்ரவேலருக்குப் பழைய வருத்தம் உண்டு. முன்னோர் பாலைவழியில் வந்தபோது அப்பமும் தண்ணீரும் கொண்டு எதிர்கொள்ளாதவர்கள் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட ஜாதியிலிருந்து வந்த பெண் கதிர் பொறுக்க வயலில் இறங்குகிறாள். வயலுக்குடைய போவாஸ் என்பவர் அவளை விரட்டவில்லை. அவளை யாரும் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஆட்களுக்குச் சொன்னார். தம் ஆட்களின் குடத்தில் தண்ணீர் குடிக்கச் சொன்னார். வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடும்படி இரகசியமாக ஏவினார். பின்னர் அவளையே மணந்தார். அவர்களுடைய மகனின் பேரரே தாவூத் (அலை) அவர்கள் என்று அவ்வேடு முடிகிறது. தண்ணீர் கொடுக்காத ஜாதியின் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்த வீட்டில் அரசர் பிறந்தார்.

தராசும் கூலியும்

வியாபாரிகளாகிய நாம் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. வெளியூராரை உன்னைப்போல் நேசி என்று சொல்லி முடித்த அடுத்த வாக்கியத்தில், தராசையும் படிக்கல்லையும் மரக்காலையும் சரியாக வைத்திரு என்று அச்சட்டம் கட்டளையிடுகிறது. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. ஊர்க்காரரிடம் எடை குறைத்தால் மறுநாள் வந்து சண்டை பிடிப்பார். பாஷை தெரியாதவர் என்ன செய்வார்? எனவே தராசின் நேர்மை தெரிவது ஊர்க்காரருக்கு நிறுக்கும்போதன்று, வெளியூராருக்கு நிறுக்கும்போதுதான்.

என் கடைக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர், ஒரு பொட்டலத்தின் விலையை மூன்று முறை கேட்டுவிட்டு, மீதிச் சில்லறையை வெளிச்சத்தில் வைத்து எண்ணினார். வேறெங்கோ ஏமாந்தவர் என்று தெரிந்தது. அவர் எண்ணி முடிக்கும்வரை காத்திருப்பதும் விருந்தோம்பல்தான் என்று எனக்குப் பட்டது.

அடுத்தது கூலி. கூலியாள் சொந்த ஜாதியானாலும் தங்கிய வெளியூரானாயினும், அன்றைய கூலியைப் பொழுது அடையுமுன் கொடுத்துவிட வேண்டும், அவன் மனம் அதன்மேல் இருக்கிறது என்கிறது அச்சட்டம். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். ஏழையின் போர்வையை அடகாகப் பிடித்தால் இரவு வருமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் அங்கே விதி உண்டு. இக்காலத்தில் போர்வையை யாரும் அடகு பிடிப்பதில்லை. ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் வழக்கம் உண்டு. இந்நாட்டின் 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, பிறர் கடவுச்சீட்டை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது குற்றம். சட்டம் தெரியாதவர்கூட, போர்வையின் கதையை நினைத்தால் போதும்.

இங்கே ஒரு உவமை. தாவூத் நபி (அலை) அவர்களைப் பற்றி அவர்கள் ஏடு சேர்த்துச் சொல்லும் குற்றச்சாட்டில் நமக்கு உடன்பாடில்லை. உவமையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பணக்காரனிடம் ஆடுமாடுகள் ஏராளம். பக்கத்து வீட்டு ஏழையிடம் பிள்ளைபோல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டி. பணக்காரன் வீட்டுக்கு வழிப்போக்கன் வந்தான். தன் மந்தையில் கைவைக்க மனமில்லாமல், ஏழையின் குட்டியைப் பிடித்து அறுத்து விருந்து வைத்தான். தொண்ணூற்றொன்பது ஆடுகளும் ஓர் ஆடும் என்ற வழக்கு நம் குர்ஆனிலும் வருவதை அன்பர்கள் நினைவுகொள்வார்கள்.

இந்தப் பணக்காரனும் விருந்தோம்பினான்தானே! விருந்தாளி வயிறார உண்டு வாழ்த்திவிட்டே போயிருப்பான். ஆயினும் அவ்விருந்து பாவமாயிற்று. ஆகவே விருந்து வைத்தோமா என்று மட்டும் கேட்டுக்கொள்வது போதாது. யாருடைய ஆட்டை அறுத்தோம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். கந்தூரிக்கு நூறு பேருக்குச் சோறு போட்டு, அடுப்படியில் நின்றவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால், அந்தச் சோறு யாருடையது?

நம் கரைகளில்

வெளியூராரை வரவேற்ற ஊர்களின் வரலாறு நம் கைக்கருகிலேயே இருக்கிறது. கி.பி. 849-ல் கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்கு வேணாட்டு அரசர் உரிமைகள் எழுதிக்கொடுத்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. அதில் சாட்சிக் கையொப்பங்கள் அரபி எழுத்திலும், பழைய பாரசீகப் பஹ்லவி எழுத்திலும், ஹீப்ரு எழுத்திலும் இருக்கின்றன. முஸ்லிம்களும் பாரசீகரும் யஹூதிகளும் கிறிஸ்தவருக்காகச் சாட்சி நின்ற ஏடு அது! கி.பி. 1000 அளவில் சேர மன்னர் பாஸ்கர ரவி, ஜோசப் ரப்பான் என்னும் யஹூதித் தலைவருக்கு அஞ்சுவண்ணம் முதலிய உரிமைகளைச் செப்பேட்டில் வழங்கினார். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் கூட்டம்; அதில் முஸ்லிம் வணிகரும் இருந்தனர். பிற்காலத்தில் கொச்சியில் 1568-ல் அரண்மனைக்குப் பக்கத்திலேயே யஹூதிகளின் தொழுகைக்கூடம் எழுந்தது. அதன் பெயர் இன்றும் ‘பரதேசி’ ஜெபக்கூடம். நம் பேச்சில் பரதேசி என்றால் ஏச்சு. அங்கே அது, அரசர் பக்கத்தில் இடம் கொடுத்தவரின் பெயர்.

நம் மலாக்கா இதற்குக் குறைந்ததன்று. சுல்தான்கள் காலத்தில் வெளிநாட்டு வணிகர்களுக்கென்றே நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் கடற்கரைத் தமிழருக்கும், வங்காளம், பெகு, பாசை நாட்டாருக்கும் பொறுப்பு. 1511-ல் நகரம் விழுந்தபின் இங்கே வந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். இன்றும் நகருக்குள் நடந்தால் 1748-ல் நம் முன்னோர் எழுப்பிய கம்போங் கெலிங் பள்ளிவாசலும், 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயமும், பதினேழாம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வெளியூரார் கூட்டம் தங்கிய அடையாளம்.

ஆனால் இங்கே ஒரு உண்மையை மறைக்கலாகாது. செப்பேடும் ஷாபந்தரும் வாய்த்தது சரக்கும் சுங்கமும் கொண்டுவந்தவருக்கு. வெறுங்கையோடு வந்தவருக்கு என்ன கிடைத்தது? 1896-ல் இம்மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் ரப்பர் பயிரிட்டார். பிறகு தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் நம் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறையும், பால்மரக் காட்டில் ஒரு நிறையும், கணக்கில் ஏறிய கடனும். கூலியாட்களை உதவிப்பணத்தில் அனுப்புவதை 1938-ல் இந்திய அரசாங்கம் தடுத்தது. அந்த லயங்களுக்குச் சரக்கு கொண்டுபோய்ப் பற்றெழுதி வாழ்ந்தவர்களில் நம் சபராளிகளும் உண்டு. சம்பள நாள்வரை பொறுத்து அரிசி கொடுத்த கடைக்காரரைத் தோட்டத்துச் சனங்கள் மறக்கவில்லை. எழுதத் தெரியாதவர் பற்றில் ஒரு வரி கூட்டி எழுதியவரையும் மறக்கவில்லை.

அதே தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் பிறரும் குலை வெட்டுகிறார்கள். நகரத்தில் கட்டிட வேலையிலும் உணவுக்கடையிலும் அவர்களே. பர்மாவிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்கியா மக்களும் இந்நாட்டில் இலட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். அகதிகளைப் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் நம் நாடு சேரவில்லையாதலால், அவர்கள் நிலை விருந்தாளியும் அன்று, குடியும் அன்று. அவர்களே நம் நான்காம் நாள்.

சிலர் சொல்வது

இதற்கு எதிராகச் சொல்வோர் உண்டு. அதிலும் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். “நம் ஏழைகளே இருக்க, வெளியாருக்கு என்ன?” என்கிறார்கள். பழைய வேதத்திலும் வரம்பு இல்லாமலில்லை. வியாபாரத்துக்கு வந்துபோகும் அந்நியருக்கு ‘நொக்ரி’ என்று வேறு சொல். அவரிடம் வட்டி வாங்கலாம், கடன் தள்ளுபடி அவருக்கில்லை என்று அச்சட்டம் பிரித்தது. வட்டி நமக்கு எவரிடமும் ஹராம், அது வேறு. ஆனால் தங்கிவிட்டவரை அச்சட்டம் பல இடங்களில் எங்கே வைக்கிறது? அநாதைக்கும் விதவைக்கும் பக்கத்தில், ஒரே வரியில் வைக்கிறது. நம் ஏழைக்கு விட்ட வயல் ஓரமும் அவருக்கு விட்ட ஓரமும் ஒன்றே.

“உரிய பத்திரமில்லாதவரை வைத்தால் அரசாங்கம் தண்டிக்காதா?” என்பார் மற்றொருவர். உண்மை. நாட்டுக்குள் யாரை விடுவது, யாருக்கு வேலை அனுமதி கொடுப்பது என்பது அரசாங்கத்தின் காரியம். அதை மீறுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தராசு அரசாங்கத்தின் கையில் இல்லை; நம் கையில் இருக்கிறது. விலையை ஆளுக்குத் தகுந்தாற்போல் மாற்றாமலிருப்பதும், நம்மிடம் வேலை செய்கிறவருக்குச் சட்டம் சொல்லும் ஏழு நாள் தவணைக்கு முன்பே சம்பளத்தைக் கையில் வைப்பதும், அவரை ‘ஏய்’ என்று அழைக்காமல் பெயர் சொல்லி அழைப்பதும் எந்தச் சட்டத்துக்கும் விரோதமன்று.

“கொடுத்துக் கொடுத்துக் கடையே போய்விடும்” என்பது மூன்றாவது பேச்சு. இல்யாஸ் (அலை) அவர்கள் பஞ்ச காலத்தில் சாரிபாத் என்ற ஊருக்கு வந்தபோது, அங்கே ஒரு விதவை கடைசிக் கைப்பிடி மாவைச் சுட்டுத் தின்றுவிட்டுத் தானும் மகனும் மடிவதற்காகச் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள் என்று அவ்வேடு சொல்கிறது. அவள் முதலில் அந்நியருக்குச் சுட்டுக்கொடுத்தாள். பஞ்சம் தீருமட்டும் பானையில் மாவு குறையவில்லை. பரக்கத் என்று நாம் சொல்வது இதையே. ஆனால் நம்மிடம் யாரும் கடைசி மாவைக் கேட்கவில்லை, அன்பர்களே! வயலின் ஓரத்தைத்தான் கேட்கிறார்கள். அதற்கும் முன்னால், அவர்களுடைய சொந்தக் கூலியைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே நான் கண்ட முடிவு இது. முதல் மூன்று நாளில் கொடுப்பது அன்பு. அதற்கு அல்லாஹ் நற்கூலி தருவான். நான்காம் நாளிலிருந்து கொடுப்பது கடன். அதைப் பற்றி அல்லாஹ் கேள்வி கேட்பான். விருந்து போட்ட கணக்கை நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த மாதச் சம்பள நாளன்று, பேரேட்டைத் திறக்குமுன், நம் பாட்டனார் எந்தத் துறைமுகத்தில் எந்த மூட்டையோடு இறங்கினார் என்பதையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோமாக. வஸ்ஸலாம்.